தண்ணீர் வற்றினால்தான் தரிசனம்

எங்கள் வீட்டில் மேட்டூர் என்பது ஊர் அல்ல, ஓர் எண். காலையில் பேப்பர் வந்ததும் அப்பா முதலில் தேடுவது அணையின் நீர்மட்டத்தைத்தான். 100 அடியைத் தாண்டிவிட்டால் அன்றைக்குக் காபியில் சர்க்கரை குறைந்தாலும் கண்டுகொள்ள மாட்டார். ஒரத்தநாட்டுப் பக்கம் புது ஆற்றுப் பாசனம் எங்களுக்கு. 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கால்வாய் அது. அதற்கு முன்னால் தாத்தாவின் நிலம் வானம் பார்த்த புன்செய்.

2024 மே மாதம் அந்த எண் 50-ஐ ஒட்டிக் கிடந்தது. குறுவை இல்லை என்பது தெரிந்துபோயிற்று. "சும்மா உக்காந்திருக்கறதுக்கு, அணையில தண்ணி வத்துனா தெரியற அந்த நந்தியையாவது பாத்துட்டு வருவோம்" என்றார் அப்பா.

மேட்டூரில் அணை முனியப்பனுக்குச் சூடம் ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். சிவ தரிசனத்துக்குப் போவதால் வறுத்த மீன் கடைகளை நான் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அப்பா இரண்டு முறை பார்த்தார். கொளத்தூர் போய்ப் பண்ணவாடிக்குத் திரும்பினால் பரிசல் துறை. எதிர்க்கரை நாகமரை. கடல் மாதிரி நிற்க வேண்டிய தண்ணீர் நடுவில் ஓர் ஆறாய்ச் சுருங்கியிருந்தது. வெடித்துக் கிடந்த வண்டலில் கம்பும் எள்ளும் போட்டிருந்தார்கள். பயிருக்கு நடுவே நடந்தோம். கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரம் ஒரு பக்கம், ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி ஒரு பக்கம். பெயரைப் பாருங்கள், ஜலகண்டேஸ்வரர்! அணை கட்டுமுன்பே வைத்த பெயர்.

எல்லிஸ் என்ற பொறியாளரின் திட்டப்படி 1925-இல் அணை வேலை தொடங்கியது. 1934 ஆகஸ்ட் 21-இல் கவர்னர் ஸ்டான்லி திறந்துவைத்தார். 120 அடி உயரத்துக்கு, 93.47 டி.எம்.சி. தண்ணீர். அதற்கு இடம் வேண்டுமே. கரையோர ஊர்கள் வீடு, களம், கோயிலோடு உள்ளே போயின. அணை நிறைந்தால் இந்த நந்தியின் தலைக்கு மேல் 40 அடிக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கும். நீர்மட்டம் 70-க்குக் கீழே இறங்கினால்தான் முழு உருவமும் தெரியும்.

"சாமிய எடுத்துக்கிட்டு மேட்டுக்குப் போயிட்டாங்க. இவரு பெருசுங்களே, விட்டுட்டாங்க" என்றார் கம்புக்குக் காவலிருந்த பெரியவர். நந்தியின் நெற்றியில் யாரோ குங்குமம் அப்பியிருந்தார்கள். முதுகில் செருப்போடு ஏறி நின்று இரண்டு பையன்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அதட்டியதும் இறங்கினார்கள்.

கையோடு கொண்டுவந்த எங்கள் வயல் நெல்லை ஒரு பிடி நந்தியின் காலடியில் போட்டார் அப்பா. "இந்த ஊரு முங்கித்தான் நம்ம வயல் நனைஞ்சுது" என்று என்னிடம் சொன்னார். பிறகு கைகூப்பிக்கொண்டு, எனக்குக் கேட்கும்படியே வேண்டினார்: "சீக்கிரம் உள்ள போயிடுப்பா."

பெரியவர் சிரித்துவிட்டார். "ஆடி வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க சாமி. கம்ப அறுத்துக்கறோம்."

அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. திரும்பி நடக்கையில் கதிரில் கால் படாமல் ஓரமாகவே வந்தார்.

கர்நாடகத்தில் மழை கொட்டியது. ஜூலை நடுவில் ஏறத் தொடங்கிய எண், 30-ஆம் தேதி 120-ஐத் தொட்டுவிட்டது. மறுநாள் காலை பேப்பரை மடித்துவைத்துவிட்டு அப்பா கேட்டார்:

"அந்தாளு கம்பு அறுத்திருப்பாரா?"