நத்தை வேகக் காத்திருந்தவர்கள்

மெல்பர்னின் மேற்கு விளிம்பிலுள்ள வெரிபியில், எங்கள் தெருவின் கடைசி வீட்டில், பர்மாவின் (மியன்மார்) சிறுபான்மை இனங்களில் ஒன்றான கரேன் இனத்துக் குடும்பம் ஒன்று வசிக்கிறது. அந்த வீட்டுப் பாட்டி சென்ற ஆகஸ்டு மாதம் என்னையும் என் மனைவியையும் மணிக்கட்டில் நூல் கட்டும் சடங்குக்கு அழைத்திருந்தார். பாட்டிக்கு ஆங்கிலம் அதிகம் வராது என்பதால், பன்னிரண்டு வயதுப் பேரன்தான் எங்களுக்கிடையே மொழிபெயர்ப்பாளன்.

ஒருவருடைய உடலில் குடியிருக்கும் உயிரை அவர்கள் 'க்லா' என்கிறார்கள். அச்சத்தாலோ நோயாலோ நெடும் பயணத்தாலோ அது உடலை விட்டு அலையப் போய்விடக்கூடும் என்பதும், மழை கனத்துக் காய்ச்சல் பெருகும் ஆகஸ்டு மாதம் அதற்கு மிகவும் ஆபத்தானது என்பதும் அவர்களுடைய பழைய நம்பிக்கை. ஆகவே மூத்தவர்கள் மேசையைத் தட்டி, அலைந்து திரியும் உயிரை வீட்டுக்குத் திரும்பி வரும்படி கூப்பிட்டு, மணிக்கட்டில் வெள்ளை நூலைக் கட்டுகிறார்கள். குளிர்ந்த நீர், வெள்ளை நூல், சோற்று உருண்டை, முக்கோணமாகப் பொதிந்த ஒட்டரிசிக் கட்டி, வாழைப்பழம், கரும்புத் துண்டு, பூ என ஏழு பொருள்கள் தட்டில் இருந்தன. நட்ட இடத்தில் வேர்விட்டுப் பிழைத்துக்கொள்வதால்தான் கரும்புக்கும் பூவுக்கும் அதில் இடம் என்று பாட்டி விளக்கினார். வெரிபியில் ஆகஸ்டு என்பது மழைக்காலமன்று, எலும்பைக் குத்தும் குளிர்காலம். ஆனாலும் நாள் மாறவில்லை.

திருமணமாகாத பெண்கள் அணியும் நீண்ட வெள்ளை அங்கியில் நான்கைந்து பேர் அன்று வந்திருந்தார்கள். மற்றப் பெண்கள் இரண்டு துண்டாக நெய்த வண்ண உடையில் இருந்தார்கள். இடுப்பில் வாரைக் கட்டி, தரையில் அமர்ந்து நெய்யும் தறியை அகதி முகாமிலேயே கற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள்.

அந்த முகாம்களைப் பற்றிச் சொல்லாமல் இச்சடங்கின் எடை விளங்காது. 1949 ஜனவரியில் பர்மிய அரசுக்கும் கரேன் தேசிய ஒன்றியத்துக்கும் இடையே மூண்ட போர், உலகின் மிக நீண்ட உள்நாட்டுப் போர்களில் ஒன்றாக இன்னும் தொடர்கிறது. 1984இல் எல்லையைக் கடந்தவர்களுக்குத் தாய்லாந்தில் தற்காலிக இடம் கொடுக்கப்பட்டது. அந்தத் 'தற்காலிகம்' பின்னர் ஒன்பது முகாம்களாயிற்று. அவற்றில் பெரியது தாக் மாகாணத்திலுள்ள மே லா. மூங்கிலும் இலையும் வேய்ந்த வீடுகளில், வெளியே சென்று வேலை செய்யும் உரிமையின்றி, பர்மாவைக் கண்ணாலும் பார்க்காத ஒரு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தது. 2005க்குப் பிறகு அமெரிக்கா பெருமளவில் கதவைத் திறக்கவே, எல்லை முகாம்களிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாடுகளுக்குச் சென்றார்கள். மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரம் இன்று கரேன் மக்களின் பெரிய புலம்பெயர் ஊர்.

சடங்குக்கு நில் என்ற சிற்றூரிலிருந்தும் உறவினர்கள் வந்திருந்தார்கள். விக்டோரியாவின் மேற்குக் கோடியில், ஆள் பற்றாக்குறையால் தவித்த அந்த ஊரின் வாத்து இறைச்சி ஆலை 2010இலிருந்து கரேன் மக்களை வேலைக்கு அழைத்தது. ஏறத்தாழ இருநூறு பேர் குடியேறியதால் ஐந்தாண்டுகளில் அப்பகுதிக்கு 4.15 கோடி ஆஸ்திரேலிய டாலர் வருவாய் கூடியதென 2015இல் வெளியான, டெலாய்ட் என்ற ஆலோசனை நிறுவனத்தின் ஆய்வு கணக்கிட்டது. அகதியென்றால் அரசுக்குச் செலவு என்று சொல்வோரிடம் காட்ட நல்ல கணக்குதான். இருந்தாலும் வந்தவர்களை டாலரால் அளந்தால்தான் மதிப்போம் என்பது எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

அவர்களுக்கும் நமக்கும் ஒரு தொல்லை பொது: குடும்பப் பெயர் கிடையாது. பெண்ணின் பெயருக்கு முன்னால் 'நோ' என்றும் ஆணின் பெயருக்கு முன்னால் 'சோ' என்றும் மரியாதைக்குச் சேர்ப்பார்கள். படிவத்தை நிரப்பிய யாரோ ஓர் அதிகாரி அதையே முதற்பெயராக எழுதிவிட, அந்த வீட்டில் பாட்டி, மகள், மருமகள் மூவரும் அரசு ஆவணங்களில் 'நோ' ஆகிவிட்டார்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிட்டு, வங்கியில் அந்தப் பெயரால் அழைக்கப்படும் எனக்கு அது உடனே புரிந்தது.

உணவு முடிந்தபின் பாட்டி தோ மே பா கதையைச் சொன்னார். காட்டுப்பன்றியின் தந்தத்தில் செய்த சீப்பால் தலை வாரி மூப்பை விரட்டிய முதுமூதாதை அவர். குலம் பெருகி நிலம் போதாமற்போனதும் மக்களை அழைத்துக்கொண்டு புதிய நிலம் தேடிப் புறப்பட்டார். வழியில் ஓர் ஆற்றங்கரையில் எல்லோரும் நத்தைகளைப் பொறுக்கி வேக வைத்தார்கள். எத்தனை நேரம் கொதித்தாலும் ஓடு கடினமாகவே இருந்ததால், இன்னும் வேகவில்லை என்று அவர்கள் காத்திருந்தார்கள். பொறுமையிழந்த கிழவர், வழியிலுள்ள வாழைகளை வெட்டி அடையாளம் வைத்துப் போகிறேன், பின்னால் வாருங்கள் என்று சொல்லி நடந்துவிட்டார். நத்தையை எப்படித் தின்பதென்று அந்த வழியாக வந்த வேற்றார் சொல்லிக்கொடுத்து, இவர்கள் தின்று முடித்துக் கிளம்பியபோது, வெட்டிய வாழைகள் மறுபடி ஆள் உயரம் வளர்ந்திருந்தன.

பாட்டியின் தங்கை இன்னும் மே லாவில்தான் இருக்கிறார். 2025 ஜனவரியில் அமெரிக்கா அகதிகளை ஏற்பதை நிறுத்தியபோது அவருடைய மனு நடுவழியில் நின்றது. அன்று கைப்பேசியில் அந்தத் தங்கையின் முகம் தெரிய, பாட்டி மேசையைத் தட்டி அவருடைய உயிரையும் கூப்பிட்டார். எங்கே வரச் சொல்லிக் கூப்பிட்டார் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பேரனுக்கு வேறொரு சந்தேகம்: அப்படியானால் நத்தையை எப்படித்தான் தின்பது? ஓட்டின் வால் நுனியை உடைத்துவிட்டு மறுபக்கம் வாயை வைக்க வேண்டும் என்று சொன்ன பாட்டி, விரல் நுனிகளைக் குவித்து உதட்டில் வைத்து, 'சர்ர்' என்று உறிஞ்சிக் காட்டினார். கைப்பேசியில் தங்கையும் உறிஞ்சிக் காட்டினார்.