900 மீட்டர், 2,700 மீட்டர்: இரண்டு பொட்டலம் மணல்

கடலடியில் துளைத்த ஒரு பழைய எண்ணெய்க் கிணற்றின் பாறைத் துகள்கள், இரண்டு பொட்டலங்களாக என் கைக்கு வந்தன. ஒன்றின் மேல் 900 மீட்டர், மற்றதன் மேல் 2,700 மீட்டர் என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். இரண்டும் மணற்கல். இந்த மணல் எந்த மாதிரிப் பாறையிலிருந்து உதிர்ந்து கடலுக்கு வந்தது என்று பார்ப்பதுதான் மூன்று மாதமாக என் ஞாயிற்றுக்கிழமை வேலை.

மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அதை வைத்துப் பூர்வீகம் கண்டுபிடிப்பது கஷ்டம். நூற்றில் ஒரு பங்கு தேறினாலே அதிகம் என்கிற கனமான கனிமங்கள்தான் துப்புக் கொடுக்கும். தண்ணீரை 1 என்று வைத்தால் குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, கார்னெட் 3.5-க்கு மேல், சிர்க்கான் 4.6-க்கு மேல். இடைப்பட்ட அடர்த்தியுள்ள திரவத்தில் போட்டால் குவார்ட்ஸ் மிதக்கும், மற்றவை அடியில் தங்கும். இதற்கு வழக்கமான பிரோமோஃபார்ம் திரவம் நச்சு என்பதால், சோடியம் பாலிடங்ஸ்டேட் என்ற கனமான உப்பைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டேன். அடர்த்தி சரியா என்று பார்க்க, குவார்ட்ஸைவிடச் சற்றே கனமான ஒரு கால்சைட் சில்லைப் போட்டேன், மிதந்தது. கார்னெட்டைவிட லேசான ஃப்ளோரைட் சில்லு முழுகியது. சரி, இது போதும். ஒருமுறை சோம்பலில் குழாய்த் தண்ணீரால் கழுவிவிட்டேன். அதிலிருந்த கால்சியத்தோடு சேர்ந்து கரைசல் பால் மாதிரி கலங்கிப்போனது. அன்றிலிருந்து காய்ச்சி வடித்த நீர்தான்.

முதல் தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்ததும் ஒரே சந்தோஷம், அத்தனை துகள்கள்! எல்லாம் நிறமில்லாத, விளிம்பு கூரான உடைசல்கள். அரை நாள் எண்ணிய பிறகுதான் உறைத்தது: அது பாரைட். கிணறு தோண்டும்போது சேற்றுக்குக் கனம் கூட்டக் கலக்கும் பொடி, அடர்த்தி 4.5. கோடிக்கணக்கான வருடத்து மணல் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தது ஆலையில் அரைத்த மாவு. அந்தப் பொடி பெரும்பாலும் 75 மைக்ரானுக்குக் கீழே இருக்கும் என்பதால், சோப்புநீரில் நன்றாக அலசி 75 மைக்ரான் சல்லடையில் மறுபடி சலித்தேன். முக்கால்வாசி போய்விட்டது.

அப்புறம் ஒவ்வொரு தட்டிலும் 200 துகள்கள். 900 மீட்டர் மணலில் எபிடோட், படிப்படியாகப் பிளந்த கயனைட், வைக்கோல் நிற ஸ்டாரோலைட், கார்னெட் எல்லாம் இருந்தன. கயனைட்டும் ஸ்டாரோலைட்டும் சேர்ந்து வந்தால், களிமண் படிவுகள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய சிஸ்ட் பாறை பக்கத்தில் எங்கோ இருந்திருக்க வேண்டும். 2,700 மீட்டரில் எபிடோட்டும் கயனைட்டும் சுத்தமாக இல்லை. சிர்க்கான், ரூட்டைல், டூர்மலின், கொஞ்சம் கார்னெட், அவ்வளவுதான். மூலப்பாறையே மாறிவிட்டது என்று நோட்டில் எழுதியும் விட்டேன்.

அந்த வரியை அடிக்க வைத்தது கார்னெட்தான். மேல் மணலில் அது உருண்டையாக, வழவழப்பாக இருந்தது. கீழ் மணலில் ஒவ்வொரு மணியும் உளியால் கொத்தியதுபோல் சின்னச் சின்னப் படிகளாக அரிக்கப்பட்டிருந்தது. புதைந்த பிறகு, சூடான நிலத்தடி நீர் செய்த வேலை. வட கடல் மணற்கற்களில் நிலவியலாளர் ஆண்ட்ரூ மார்ட்டன் 1980-களில் காட்டியதும் இதுதான்: ஆழம் கூடக் கூட எபிடோட், கயனைட், ஸ்டாரோலைட் என்று ஒவ்வொன்றாகக் கரைந்துபோகும், கார்னெட் கடைசிப் பக்கம் வரும். சிர்க்கானும் ரூட்டைலும் அசையாது. ஆக, இல்லாததை வைத்து எதையும் சொல்ல முடியாது.

அவரும் கிளேர் ஹால்ஸ்வொர்த்தும் 1994-ல் முன்வைத்த வழியில் போனேன்: அடர்த்தியிலும் தாக்குப்பிடிப்பதிலும் ஒத்த இரண்டு கனிமங்களின் விகிதத்தை மட்டும் பார்ப்பது. ரூட்டைலும் சிர்க்கானும் சேர்ந்து 100 வரும்வரை எண்ணியதில் மேலே 31 ரூட்டைல், கீழே 28. நூறே துகளில் இது வித்தியாசமே இல்லை. ஒரே மூலம் என்று தோன்றுகிறது.

அபடைட் என்ற பாஸ்பேட் கனிமத்துக்கும் டூர்மலினுக்கும் உள்ள விகிதத்தில்தான் இப்போது இடிக்கிறது. மேலே அபடைட் தாராளம், கீழே இதுவரை நான்கே மணி. அபடைட் புதைந்த பிறகு சுலபத்தில் கரையாது, நிலத்தில் அமில மண்ணில் வெகுகாலம் கிடந்தால்தான் அழியும். கீழ் மணல் ஏதோ ஆற்றுச் சமவெளியில் தங்கி வந்ததோ என்று ஆசையாக யோசித்தேன். ஆனால் சுண்ணாம்புப் பிணைப்பைக் கரைக்க அந்தப் பொட்டலத்தை மட்டும் இரண்டு இரவு வினிகரில் ஊறவிட்டவன் நான்தான். மிச்சம் இருக்கும் 20 கிராமை அமிலமே தொடாமல் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.