மேற்குச் சுவருக்கு ராக்வூல்: இதுவரை நடந்த வேலை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்களுடையது பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. தோட்டத்தை விட்டு வந்தபோது அப்பா வாங்கியது. ஒற்றைச் செங்கல் சுவர், பூச்சோடு சேர்த்தே ஏறக்குறைய ஐந்தரை அங்குலம்தான். வரிசையில் கடைசி வீடு என்பதால் மேற்கு வெயில் நேராக விழும். பிற்பகலில் வாங்கிய சூட்டைச் செங்கல் இரவில்தான் அறைக்குள் விடும். அங்கேதான் அம்மா படுக்கிறார். கூரைக்கு அடியில் ஏற்கெனவே ராக்வூல் (சூட்டைத் தடுக்கும் கல் இழைப் பஞ்சு) போட்டாயிற்று. அதைச் செய்யாமல் சுவரில் கைவைப்பது வீண்செலவு.

சுவரை வெளிப்பக்கம் போர்த்துவதுதான் உத்தமம், செங்கலே சூடேறாது. ஆனால் எங்களுக்கு வெளியே சாக்கடையை ஒட்டி இடமில்லை. அதனால் உள்பக்கம். நனைந்த ராக்வூல் வெப்பத்தைத் தடுக்காது என்பதால் முதலில் வெளிப்பூச்சின் வெடிப்புகளை அடைத்து, மழை தாங்கும் வெள்ளைச் சாயம் அடித்தேன். அதிக நாள் பிடித்தது இந்த வேலைதான். அவசரப்படவே கூடாது. சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே சட்டம் அடித்தேன். கரையானுக்குப் பயந்து மரம் வேண்டாம் என்று துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம். இடையில் 50 மில்லிமீட்டர் ராக்வூல், மேலே 9 மில்லிமீட்டர் ஜிப்சம் பலகை. தரை துடைக்கும் நீர் ஏறாதபடி பலகையின் அடியில் விரல் அளவு இடைவெளி விட்டேன். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், அரிப்பு பொல்லாதது.

சீலிங் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து பார்த்தார். "ஏன் தம்பி, உள்ளே பிளாஸ்டிக் போட்டு மூடிடலாமே?" என்றார். குளிர் நாடுகளில் அப்படிச் செய்வார்கள். அங்கே ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகிறது. நமக்கோ வெளிக்காற்றில்தான் ஈரம். உள்ளே ஏர்கான் ஓடினால் அந்த ஈரம் உள்நோக்கி வந்து, குளிர்ந்த பிளாஸ்டிக்கில் பட்டு நீராகும். அப்புறம் பூஞ்சைதான். இதைச் சொன்னதும் அவரும் சரி என்றார். அலுமினியத் தாளும் வாங்கவில்லை. அதன் பளபளப்பான பக்கத்துக்கு எதிரே காற்று இடைவெளி இல்லாவிட்டால் பயனில்லை. அதற்கு அறை இன்னும் குறுகும்.

சாமி படங்கள் மாட்டும் இடத்தில் பலகைக்குப் பின்னால் குறுக்குச் சட்டம் கொடுத்தேன். சுவிட்ச் பெட்டிகளை முன்னுக்கு நகர்த்தும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டேன்.

மாலை ஐந்து மணிக்கு முன்பெல்லாம் உள்சுவர் 37 டிகிரி காட்டும். இப்போது பலகை 31. நாக்கோ ஜன்னல் (கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய ஜன்னல்) வழியாக வெயில் இன்னும் வருகிறது. அடுத்து அதற்கு வெளியே ஒரு சாய்ப்பு இறக்க வேண்டும்.