நைமேகன் நான்கு நாள் நடை: கொழும்பிலிருந்து போகிறவர்களுக்கு

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஜூலை மூன்றாம் வாரம் செவ்வாய் முதல் வெள்ளி வரை நடக்கும் இந்த நடை 1909இல் தொடங்கியது. இப்போது நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்கிறார்கள். விண்ணப்பம் மிஞ்சினால் குலுக்கல். நாளுக்கு 30, 40 அல்லது 50 கி.மீ. கொழும்பிலிருந்து கிளம்புகிறவர்கள் தூரத்தைக் கேட்டுத்தான் மலைக்கிறார்கள். உண்மையில் அஞ்ச வேண்டியது முதல் நாள் கைதட்டலுக்கு.

செவ்வாயன்று வால் ஆற்றுப் பாலத்தைக் கடந்து எல்ஸ்ட் பக்கம் போனதும் வீதியின் இரு கரையிலும் சனம். வீட்டு வாசல்களில் பெரிய ஒலிபெருக்கிகள், உள்ளங்கையை நீட்டியபடி நிற்கும் பிள்ளைகள், தட்டில் வெள்ளரித் துண்டும் இனிப்பும். மணிக்கு 5 கி.மீ. நடந்தவர் தன்னை அறியாமல் 6க்குப் போவார். குதிகாலில் சூடாக ஒன்று உரசும். அத்தனை ஆரவாரத்துக்கு நடுவே குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்ற வெட்கமாக இருக்கும். அந்தச் சூடுதான் இன்னும் சில கிலோமீட்டரில் கொப்புளம். நால்வராகப் போனால், ஒருவர் நின்றால் மற்ற மூவரும் நிற்பதென்று முதலே பேசிக்கொள்ளுங்கள்.

கணக்கு எளிது. 40 கி.மீ.க்கு 5 கி.மீ. வேகத்தில் எட்டு மணித்தியாலம். இரண்டு மணித்தியாலத்துக்கொருமுறை கால் மணி ஓய்வு சேர்த்தாலும் ஒன்பதைத் தாண்டாது. விடியற்காலையில் புறப்பட்டு மாலைக்குள் வந்தால் போதும். முந்தி வருபவருக்குத் தனிப் பரிசு கிடையாது.

கதிர்காமப் பாதயாத்திரை நடந்த கால் என்ற தைரியம் நல்லதுதான், ஆனால் போதாது. காட்டு மண் மிதியை வாங்கிக்கொள்ளும். தாரும் செங்கல் பாவிய கிராம வீதியும் திருப்பிக் கொடுக்கும். வீதியோரம் சரிவாக இருப்பதால் நெடுக ஒரே ஓரத்தில் நடந்தால் ஒரு பக்க முழங்கால் மட்டும் வலிக்கும். இயன்றவரை நடுவீதியைப் பிடியுங்கள்.

பயிற்சிக்குக் காலிமுகத்திடலிலிருந்து கல்கிசை வரை போய்வந்தால் 20 கி.மீ.க்கு மேல் வரும். சனி மட்டும் நடப்பதில் பயனில்லை; வலிக்கும் காலோடு ஞாயிறும் நடக்க வேண்டும், உடல் பழக வேண்டியது அதற்குத்தான். கொழும்பு வியர்வையில் பாதத் தோல் ஊறி மெலிந்துவிடும். பாதி வழியில் காலுறையை மாற்றும் பழக்கத்தை இங்கேயே ஏற்படுத்துங்கள். சப்பாத்து அரை அளவு பெரிதாக இருக்கட்டும், கால் வீங்கும். மூன்றாம் நாள் குரூஸ்பேக்கில் ஏழு குன்று வீதி இருக்கிறது. குன்றுகள் சின்னவைதான், களைத்த காலுக்கு வருவதால்தான் பெரிதாகத் தெரிகின்றன. கொழும்பின் கடலோர மரைன் டிரைவில் மேடு ஏது? வெள்ளவத்தை மாடிக் குடியிருப்புப் படிக்கட்டை ஏறி இறங்குங்கள், இறக்கத்தில்தான் தொடை பிடிக்கும்.

கொப்புளம் வரும் முன், சூடு தெரிந்தவுடனேயே பிளாஸ்டரைச் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். சுருக்கமே இன்னொரு கொப்புளத்தை உண்டாக்கும். வந்துவிட்டால் தோலை உரிக்க வேண்டாம். தொற்றுநீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை விட்டு மூடுங்கள். தொடையிடுக்கில் வாஸ்லீன் காலையிலேயே பூச வேண்டும், எரிய ஆரம்பித்த பின் அல்ல.

வெக்கையை இலேசாக எண்ண வேண்டாம். 2006இல் கடும் வெப்பத்தில் இருவர் இறந்து, முதல் நாளோடு நடை நிறுத்தப்பட்டது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் இரத்தத்தில் உப்பைக் குறைத்து ஆளை வீழ்த்தும். ஜீவனி என்ற உப்பு-சர்க்கரைத் தூள் பக்கற்றுகளைக் கொழும்பிலேயே வாங்கிப் பையில் போடுங்கள். பக்கற்றில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்.

ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அந்த வாரம் ஊரே திருவிழா என்பதால் அறையைப் பதிவு உறுதியான அன்றே பிடியுங்கள். நேர வித்தியாசம் நமக்குச் சாதகம்: அங்கே அதிகாலை 4 மணி, நம் உடலுக்குக் காலை 7.30. குளிருக்கு மெல்லிய ஜாக்கெட் ஒன்று.

வெள்ளியன்று இராணுவம் மாஸ் ஆற்றில் போடும் மிதவைப் பாலத்தைக் கடந்து நகருக்குத் திரும்பினால், கடைசிக் கிலோமீட்டர்கள் முழுக்கக் கிளாடியோலஸ் பூக்கள். ஆளுக்கொரு கொத்து நீட்டுவார்கள். அங்கே நெரிசலில் வேகம் பாதியாகும், அதற்கென்று ஒரு மணித்தியாலம் ஒதுக்கிவையுங்கள். முடிவிடத்தில் பதிவு செய்தால்தான் சிலுவைப் பதக்கம். படம் எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.