வணிகம் சரிந்தால் உலகமயமாக்கல் முடிந்துவிட்டதா?

நெருக்கடி வரும்போதெல்லாம் "உலகமயமாக்கல் முடிந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். 2008 நிதி நெருக்கடியில் எழுதினார்கள், 2020-ல் கொரோனா வந்தபோதும் எழுதினார்கள். நாடுகளைப் பிணைப்பது சரக்கு, பணம், ஆட்கள் என்ற மூன்று இழைகள். எது அறுந்தது என்று பார்க்காமல் மொத்தமாகத் தீர்ப்பு சொன்னால் கணக்கு தப்பும்.

2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானது. மறு ஆண்டு உலகச் சரக்கு வணிகத்தின் அளவு சுமார் 12 சதவீதம் சரிந்தது. உலக உற்பத்தி அந்த அளவுக்கு விழவே இல்லை. ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரு காரணம் எல்.சி. எனப்படும் வங்கி உறுதிக் கடிதம் (letter of credit). முன்பின் தெரியாதவருக்கு ஏற்றுமதியாளர் சரக்கு அனுப்புவது, வாங்குபவரின் வங்கி தரும் உறுதியை நம்பித்தான். வங்கிகளே ஒன்றையொன்று நம்பாதபோது அந்தக் காகிதம் செல்லாது. 2009 ஏப்ரலில் லண்டனில் கூடிய ஜி-20 தலைவர்கள், வணிகக் கடனுக்கென்றே 25,000 கோடி டாலருக்கு வழி செய்வதாக அறிவித்ததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் என் கணிப்பில், அதைவிடப் பெரிய காரணம் கையிருப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கடையில் மாதம் 100 விற்கிறது. இரண்டு மாத விற்பனைக்கான 200 எப்போதும் இருப்பில் இருக்கும். விற்பனை 90-க்கு இறங்குகிறது. இனி இருப்பு 180 போதும், ஆகவே அந்த மாதம் 70-க்குத்தான் ஆர்டர் போகும். தொழிற்சாலையும் இதே விதிப்படி நடந்தால், அதன் இருப்பு 200-லிருந்து 140-க்கு வர வேண்டும். உதிரிபாகத்துக்கு அது போடும் ஆர்டர் வெறும் 10. கடையில் 10 சதவீதமாக இருந்த சரிவு இரண்டே படியில் 90 சதவீதம் ஆகிவிட்டது. உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் அந்த அடி முழுவதும் ஏற்றுமதிக் கணக்கில் விழும். இருப்பு சமனானதும் ஆர்டர் திரும்ப வரும். 2010-ல் வணிகம் மீண்டது அப்படித்தான். மீளாமல் போனது எல்லை தாண்டிய வங்கிக் கடன், அதிலும் ஐரோப்பிய வங்கிகள் கொடுத்துவந்தது.

2020-ல் கதை வேறு. உலக வணிக அமைப்பு அந்த ஏப்ரலில், சரக்கு வணிகம் 13 முதல் 32 சதவீதம் வரை விழும் என்று கணித்தது. விழுந்தது சுமார் 5 சதவீதம். இந்த முறை வங்கிகள் தாக்குப்பிடித்தன, அரசுகள் பணத்தை இறக்கின, வீட்டுக்குள் இருந்தவர்கள் லேப்டாப்பும் மேசை நாற்காலியும் வாங்கினார்கள். அறுந்தது ஆட்களின் இழை: சர்வதேசச் சுற்றுலா வருகை 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

அதே ஏப்ரலில் 80 நாடுகளும் சுங்கப் பகுதிகளும் மருத்துவப் பொருள் ஏற்றுமதிக்குத் தடையோ கட்டுப்பாடோ போட்டிருந்தன. "இனி மாஸ்க்கை நாமே செய்துகொள்வோம்" என்ற பேச்சு எங்கும் கேட்டது. சர்ஜிக்கல் மாஸ்க்கில் மூன்று அடுக்கு. வெளி அடுக்கும் உள் அடுக்கும் எளிதில் கிடைக்கும். வடிகட்டுவது நடு அடுக்கு, மெல்ட்-ப்ளோன் துணி. பாலிப்ரொப்பிலீனை உருக்கி, நுண்துளைகள் கொண்ட டை என்ற அச்சின் வழியே தள்ளி, சூடான காற்றால் ஊதி, சில மைக்ரான் இழைகளாக்கி, கடைசியில் மின்னேற்றம் கொடுக்க வேண்டும். அந்த மின்னேற்றம்தான் நுண்துகளை இழுத்துப் பிடிக்கிறது. மாஸ்க்கை ஆல்கஹாலில் நனைத்தால் அது போய்விடும், பிறகு வடிகட்டும் திறன் கணிசமாகக் குறையும். தைக்கும் இயந்திரத்தைச் சீக்கிரம் வாங்கிவிடலாம். டை கைக்கு வர மாதக்கணக்காகும், செய்பவர்களும் சிலர்தான். ஆக, உள்நாட்டு மாஸ்க் என்றாலும் அப்போது பல நாடுகளில் நடு அடுக்கு இறக்குமதி. தடுப்பூசியிலும் இதே கதைதான்: ஃபைசர் தடுப்பூசிக்கு 19 நாடுகளில் உள்ள 86 சப்ளையர்களிடமிருந்து 280 பொருட்கள் தேவைப்பட்டன. அதில் ஒரு நாடு கதவைச் சாத்தினாலும் உற்பத்தி தடுமாறும். தடை போட்ட நாட்டுக்கும் அதே கதிதான்.

அதிர்ச்சி போடும் பள்ளம் நிரம்பிவிடும். சட்டம் போடும் பள்ளம் லேசில் நிரம்பாது. 1930-ல் அமெரிக்கா ஸ்மூட்-ஹாலி சட்டத்தால் சுங்க வரியை உயர்த்தியது, கனடாவும் மற்ற நாடுகளும் பதிலுக்கு உயர்த்தின. பரஸ்பர ஒப்பந்தங்கள் மூலம் வரியைக் குறைக்கும் சட்டம் அமெரிக்காவில் 1934-ல்தான் வந்தது. அந்தக் காலத்தில் உலக வணிகம் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது என்பார்கள். அது டாலர் மதிப்பில். அதில் பெரும்பகுதி விலைச் சரிவு. சரக்கின் அளவு அவ்வளவு குறையவில்லை. எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் முதலில் மதிப்பா, அளவா என்று பாருங்கள். எண்ணெய் விலை விழுந்தாலே மதிப்புக் கோடு கீழே போகும்.

இன்னொரு குழப்பம், பாதை மாறுவதை அறுந்ததாக நினைப்பது. 2023-ல் அமெரிக்காவின் சரக்கு இறக்குமதியில் மெக்சிகோ சீனாவை முந்தியது. மெக்சிகோவில் பொருத்தி அனுப்பும் பொருளுக்குள் சீன உதிரிபாகம் எவ்வளவு என்பது இறக்குமதிப் புள்ளிவிவரத்தில் வராது. எந்த நாட்டு உள்ளீடு எந்த நாட்டுப் பொருளில் சேர்கிறது என்று காட்டும், நாடுகளுக்கிடையேயான உள்ளீடு-வெளியீடு அட்டவணைகளில்தான் தெரியும். அவை வெளிவர ஆண்டுகள் பிடிக்கும்.