நோட்டீஸும் பெட்ஷீட்டும் 28 நாளும்: லண்டன்ல டிராமா படிக்கப் போன அனுபவம்

எனக்கு ஊரு காவேரிப்பட்டணம் பக்கம். மாமா தெருக்கூத்து வாத்தியார், அம்மா வீட்டுல எல்லாருமே ஜமா, அதாவது கூத்துக் குழு ஆளுங்க, நான் பன்னெண்டு வயசுல பின்பாட்டுக்கு உக்காந்தேன், பதினேழுல சுபத்திரை வேஷம் கட்டினேன், அப்போ ஊர்ல பொண்ணு வேஷம் கட்டலாமான்னு பெரிய பேச்சே ஆச்சு. 2024 செப்டம்பர்ல லண்டனுக்கு ஆக்டிங்ல ஒரு வருஷ எம்.ஏ. படிக்கப் போனேன். தர்மபுரி கிருஷ்ணகிரி ரெண்டு பக்கமும் ஜமாவுல இருக்கற நிறைய பேர் அதெல்லாம் இங்கிலீஷ் நாடகம் நடிச்ச சிட்டி பசங்களுக்குன்னு விட்டுடறாங்க, அது அப்படி இல்லன்னு சொல்றதுக்குத்தான் இத எழுதறேன்.

முதல்ல அப்ளிகேஷன். "நடிப்பு அனுபவம், ஆதாரத்தோட" ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு பாருங்க, அத பாத்துட்டு ரெண்டு நாள் ஒண்ணும் எழுதல. பத்து வருஷமா விடிய விடிய ஆடியிருக்கேன், கையில ஒரு சர்டிபிகேட் கிடையாது. அப்புறம் அம்மா பீரோவுக்கு அடியில இருந்து ஒரு மஞ்சப்பை எடுத்தாங்க, உள்ள பூரா பாரதத் திருவிழா நோட்டீஸ். பதினெட்டு நாள் பாரதம், அர்ச்சுனன் தபசு எந்தத் தேதி, படுகளம் எந்தத் தேதி, எந்த ஜமா, கீழ சின்ன எழுத்துல யார் யார் என்ன வேஷம். அதுல ஏழு நோட்டீஸ்ல என் பேர் இருந்துச்சு. அதையே ஸ்கேன் பண்ணி, மொழிபெயர்த்து, நோட்டரி கையெழுத்து வாங்கி அனுப்பினேன், ஏத்துக்கிட்டாங்க.

ரெபரன்ஸ் லெட்டர் ரெண்டு கேட்டாங்க, ஒண்ணு காலேஜ் புரொபசர், இன்னொண்ணு மாமா. அவரு கோடு போட்ட நோட்டுல தமிழ்லயே எழுதினாரு. "இந்தப் பிள்ளை ஆட்டம் இருக்கும் ராத்திரி தூங்கி நான் பார்த்ததில்லை, வேஷம் இல்லாத நாளிலும் திரை பிடிக்க நின்றது" ன்னு ஒரு வரி. பின்னாடி இன்டர்வியூல அந்த வரியப் பத்திதான் முதல் கேள்வி கேட்டாங்க.

ஐஇஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் பரீட்சைல எங்க கோர்ஸுக்கு 7 கேட்டாங்க, ரெண்டாவது தடவைல வந்துச்சு, அத விடுங்க, அதுக்கு வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க.

செல்ஃப் டேப்புக்கு, அதாவது நாமளே எடுத்து அனுப்பற ஆடிஷன் வீடியோவுக்கு, ரெண்டு மோனோலாக் (ஒரே ஆள் பேசற வசனம்), 1600ஆம் வருஷத்த ஒட்டி எழுதின பழைய நாடகத்துல இருந்து ஒண்ணு, இப்போ காலத்து நாடகத்துல இருந்து ஒண்ணு, ஒவ்வொண்ணும் ரெண்டு நிமிஷத்துக்குள்ள. நம்மளுக்குப் பழக்கமே எட்டூரு கேக்கற மாதிரி குரல் விடறதுதானே, நான் முதல்ல அப்படியே எடுத்தேன், கேட்டா போன்ல சத்தம் கிழியுது, முகம் பூரா கத்தற முகமா இருக்கு. கேமராவுக்கு மூணடி தள்ளி ஒருத்தர் உக்காந்திருக்காரு, அவருக்கு மட்டும் சொல்றேன்னு நெனச்சுப் பேசினப்போதான் சரியா வந்துச்சு. ஆனா மூச்சு மட்டும் அடிவயித்துல இருந்தே எடுத்தேன், அது மாமா கொடுத்தது, அத விட்டுடாதீங்க. வெறும் சுவரு, போன் அகலவாக்குல நிக்கற மாதிரி வச்சு எடுக்கணும், வெளிச்சம் முகத்துக்கு நேரா இருக்கணும். ஆடி மாசம் மட்டும் வேண்டாம், ஊர் பூரா மைக் செட்டு.

ரெண்டாவது ரவுண்ட் வீடியோ கால். கடைசில "உங்க ஊரு கலைல இருந்து ஏதாவது காட்டுங்க" ன்னு கேட்டுட்டாங்க. கூத்துல வேஷம் களத்துக்கு வர்றப்போ பிடிக்கற திரைக்குப் பதிலா அம்மாவும் தம்பியும் ஒரு பெட்ஷீட்ட ஆளுக்கு ஒரு முனை பிடிச்சாங்க, லேப்டாப்ப தரைல வச்சேன், கால்ல சலங்கை. முதல்ல திரைக்குக் கீழ கால் மட்டும், அப்புறம் திரைக்குப் பின்னாடி இருந்தே விருத்தம், அப்புறம் திரைய ஒரு கையால தாழ்த்தி கண்ணு மட்டும், அதுக்கு அப்புறம்தான் முழுசா வெளிய வரணும். முடிச்சப்போ அந்தப் பக்கம் மூணு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அம்மா கை நடுங்கிட்டே பெட்ஷீட்ட பிடிச்சுட்டு நின்னது இன்னும் கண்ணுல நிக்குது. மூணு வாரத்துல ஆபர் வந்துச்சு.

இனிமேதான் கஷ்டமே. ஃபீஸ் 25 ஆயிரம் பவுண்டு கிட்ட. முதல்ல போன பேங்க்ல மேனேஜர் "நடிப்பு படிச்சா என்ன சம்பளம் வரும், பிளேஸ்மென்ட் உண்டா" ன்னு கேட்டுட்டு ஃபைல கூட திறக்கல. ஏழரை லட்சத்துக்கு மேல போனா சொத்து ஈடு வைக்கணும்னாங்க, அப்பா மாந்தோப்ப வச்சாரு. பட்டா, சிட்டா, வில்லங்கம், லீகல் ஒப்பீனியன்னு ஒன்றரை மாசம் அலைஞ்சு இன்னொரு பேங்க்ல கெடச்சுச்சு. தோப்ப வச்ச அன்னிக்கு அப்பா ராத்திரி சாப்பிடல. அத எழுதாம விட்டா இது பொய்யாப் போயிடும்.

லோன் ஃபீஸுக்கு சரியாப் போச்சு. அது போக விசா வாங்க, லண்டன்ல தங்கற செலவுக்கு அப்போ மாசம் 1,334 பவுண்டு, ஒன்பது மாசத்துக்கு 12,006 பவுண்டு, நம்ம காசுல 12.7 லட்சம் கிட்ட, பேங்க் கணக்குல காட்ட வேண்டியிருந்துச்சு. அதுக்கு அப்புறம் அந்தத் தொகைய ஏத்திட்டாங்க, நீங்க அப்ளை பண்றப்போ பிரிட்டிஷ் கவர்மென்ட் சைட்ல பாத்துக்கோங்க. அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் குறையாம இருக்கணும், ஒரு நாள் குறைஞ்சாலும் மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணணும். எங்களுக்கு அதான் ஆச்சு. 22வது நாள் ஆத்தாவ ஆஸ்பத்திரில சேத்தாங்க, அப்பா அதே கணக்குல இருந்து 40 ஆயிரம் எடுத்துட்டாரு, நான் அவருக்கு இந்த விதிய தெளிவா சொல்லவே இல்ல, தப்பு என்மேலதான். கணக்குல ஒரு அம்பதாயிரம் கூடுதலா வச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. இன்னொண்ணு, அப்பா அம்மா கணக்கக் காட்டினா உங்க பர்த் சர்டிபிகேட்டும் அவங்க சம்மதக் கடிதமும் வேணும்.

2024ல விசா ஃபீஸ் 490 பவுண்டு, அது போக அங்க அரசு மருத்துவத்துக்காக முன்கூட்டியே கட்டற ஹெல்த் சர்சார்ஜ் வருஷத்துக்கு 776 பவுண்டா இருந்துச்சு. ஒரு வருஷ கோர்ஸ்தானேன்னு நெனச்சேன், ஆனா கோர்ஸ் முடிஞ்சும் நாலு மாசம் சேத்து விசா தர்றதால ஒன்றரை வருஷக் காசு, 1,164 பவுண்டு புடிச்சாங்க. டிபி டெஸ்டுக்கும் கைரேகைக்கும் சென்னை போகாதீங்க, நமக்கு பெங்களூரு ரெண்டு மணி நேரம்தான்.

அங்க போன முதல் மாசம் ஷேக்ஸ்பியர் காலத்து மாதிரியே கட்டின குளோப் தியேட்டர்ல நின்னுட்டு நாடகம் பாத்தேன், அப்போ நிக்கற டிக்கெட் 5 பவுண்டுல இருந்து கெடைச்சுச்சு, மேல கூரை கிடையாது, மழை நம்ம தலைலதான். நடிகர் என் கண்ணப் பாத்து வசனம் சொல்றாரு, ஜனம் பதில் கத்துது. நம்ம கூத்துல ஜனத்தோட நேரா பேசற கோமாளி, கட்டியங்காரன், களத்துல நிக்கற மாதிரியே இருந்துச்சு, எனக்கு அழுகை வந்துடுச்சு. கிளாஸ்ல வாய்ஸ் டீச்சர் என் உச்சரிப்ப மாத்தச் சொல்லல, அந்தக் குரல சின்ன ரூமுக்கு எப்படி அடக்கறதுன்னு மட்டும்தான் சொல்லிக் கொடுத்தாங்க.

டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும், அது மனசப் பிழியும், முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. நம்ம ஊர்க் கடைங்க இருக்கற லண்டன் ஏரியா ஈஸ்ட் ஹாம்ல ராகி மாவு கெடைக்கும், ஞாயித்துக்கிழமை களி கிண்டிருவேன். அப்போ என் ரூம் வாடகை வாரத்துக்கு 185 பவுண்டு, லண்டன் பஸ் ரயிலுக்கு ஸ்டூடன்ட் ஆய்ஸ்டர் கார்டு போட்டா டிராவல்கார்டுங்கற பாஸ்ல 30 சதவீதம் குறையும். டெர்ம் நாள்ல வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பாக்கலாம், நான் கேஃபேல பாத்தேன். ஆனா ஸ்டூடன்ட் விசால வெளிய தொழிலா நடிக்கக் கூடாது, இது நம்மள மாதிரி ஆளுங்க முக்கியமா தெரிஞ்சுக்க வேண்டியது. ஒரு தமிழ்ச் சங்கத்துல கூத்து ஆடக் கூப்பிட்டு காசும் தர்றேன்னாங்க, மனசக் கல்லாக்கிட்டு வேண்டாம்னேன். படிச்சு முடிச்சவங்க அங்கயே வேலை பாக்கத் தர்ற கிராஜுவேட் விசாவுக்கு மாறினா அந்தத் தடை இல்ல.

அப்ளை பண்ற எண்ணம் இருந்தா இந்த சித்திரை வைகாசில உங்க பேர் வர்ற நோட்டீஸ் ஒண்ணையும் விடாம எடுத்து வைங்க. வாத்தியார் கிட்ட லெட்டர் வாங்கறப்போ கையெழுத்துக்குக் கீழ தேதி இருக்கான்னு பாருங்க, மாமா அத விட்டுட்டாரு, அந்த ஒரு தேதிக்காக நான் நோட்டரி ஆபீஸ்ல இருந்து மறுபடி ஊருக்கு பஸ் ஏறினேன்.