சைக்கிள் டயரும் காங்கோ ரப்பரும்

சைக்கிளுக்கு காத்தடிக்கும்போதெல்லாம் எனக்கு ஆப்பிரிக்காவுல இருக்கிற காங்கோ ஞாபகம்தான் வருது. 1877ல ஸ்டான்லின்னு ஒரு நாடுகாண் பயணி காங்கோ ஆத்தோடயே போயி கடல் வரைக்கும் வந்து சேர்ந்தாரு, அவரையே வேலைக்கு வச்சு அங்க இருந்த தலைவர்கள்ட்ட கைநாட்டு வாங்கி, 1885ல அவ்ளோ பெரிய நாட்டையே தன் சொந்த சொத்தா ஆக்கிக்கிட்டாரு பெல்ஜியம் ராஜா ரெண்டாம் லியோபோல்ட், ஒரு தடவகூட அங்க கால் வச்சதில்ல! 1888ல டன்லப்னு ஒருத்தர் காத்தடிக்கிற டயர் கொண்டுவந்தப்புறம் ஐரோப்பாவுக்கு ரப்பர் பத்தல, அங்க இருந்த ஜனங்க கொடுத்த கணக்குக்கு காட்டு ரப்பர் கொண்டு வரலன்னா லியோபோல்ட் ஆளுங்க பொண்டாட்டி புள்ளைங்கள பிணையா பிடிச்சு வச்சாங்க, கைய வெட்டினாங்க, படிக்கவே முடியல.

மோரல்னு ஒரு கப்பல் கம்பெனி கிளார்க்தான் கவனிச்சாரு, காங்கோல இருந்து வர்ற கப்பல்ல ரப்பரும் தந்தமும், போற கப்பல்ல துப்பாக்கியும் தோட்டாவும், பதிலுக்கு கொடுக்க சரக்கே போகல, அப்ப இது வியாபாரமே இல்லன்னு. 1908ல காங்கோ லியோபோல்ட்ட விட்டு பெல்ஜியம் அரசுக்கு போச்சு, விடுதலை 1960லதான்.